அந்த ஜந்துக்குள்ள இருந்தது நான்தான்

காலேஜ் பசங்க எடுத்த மான்ஸ்டர் படத்தைப் பார்த்துட்டு, "உள்ள இருக்கிறது யாருப்பா, நடக்கவே தெரியலையே"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். நான்தான். விளக்கம் சொல்லிடறேன்.

எதிர்வீட்டுப் பையன் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருஷம். ஒருநாள் வந்து, "அண்ணா, உங்க ஹைட் என்ன?"ன்னான். ஆறடின்னேன். அவன் மூஞ்சி மலர்ந்துபோச்சு. அடுத்து, "உங்க பழைய ஹெல்மெட் ஒண்ணு இருக்குமாண்ணா?"ன்னான். அப்பவே சுதாரிச்சிருக்கணும்.

பழைய மெத்தையை அறுத்த ஃபோம். அதைச் செதில் செதிலா வெட்டி, டிராக் சூட் மேல பசை போட்டு ஒட்டி, மேல லேட்டக்ஸ்ங்கிற ரப்பர் பால் பூசியிருந்தாங்க. தலைக்குள்ள என் ஹெல்மெட். ஜிப் முதுகுப் பக்கம். உள்ள போயிட்டா நாமளா வெளிய வர முடியாது. ஜந்தோட கண்ணு ரெண்டும் பெயிண்ட் அடிச்ச பிளாஸ்டிக் பந்து, அது வழியா ஒண்ணும் தெரியாது. எனக்குன்னு கழுத்துல ரெண்டு ஓட்டை. அதுல தெரிஞ்சது காலுக்கு முன்னால பத்தடி தரை, அவ்வளவுதான். மூச்சு விட விட உள்ளேயே மழை பெஞ்ச மாதிரி ஈரம். 1954ல வந்த ஜப்பான் மான்ஸ்டர் படம், முதல் காட்ஜில்லா, அந்த ஜந்துக்குள்ள இருந்த நடிகர் ஹருவோ நகஜிமா எப்படித்தான் தாங்கினாரோ! அவர் போட்டதோட எடை 100 கிலோ பக்கம்னு சொல்வாங்க. என்னோடது காய்ஞ்சிருக்கும்போது ஒரு சின்னப் பையன் தூக்கிடுவான்.

இப்ப நடை விஷயம். டைரக்டர் தம்பி நோட்டுல கணக்குப் போட்டுக் காட்டினான். 1.8 மீட்டர் ஆள் 45 மீட்டர் ஜந்தா தெரியணும்னா 25 மடங்கு. அதோட வர்க்கமூலம் 5. சினிமா வழக்கமா ஓடற நொடிக்கு 24 பிரேமை, அதாவது 24 படத்தை, அஞ்சால பெருக்கினா 120. அந்த வேகத்துல எடுத்து 24ல ஓட்டினாத்தான் பெரிய உடம்பு மெதுவா அசையற கனம் வரும். கணக்கு சரிதான். ஆனா அஞ்சு மடங்கு மெதுவா ஓடப்போற படத்துல நான் சாதாரணமா நடந்தா நின்னுட்டே இருக்கிற மாதிரி ஆயிடும். அதனால "அண்ணா வேகமா, இன்னும் வேகமா!"ன்னு கத்திட்டே இருந்தான். நானும் உயிரைக் கொடுத்து ஓடினேன். மூணு ஷாட்ல போன்ல 120ன்னு மாத்த மறந்துட்டான். அந்த மூணுலதான் ஜந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவன் மாதிரி ஓடுது. அதுக்கு நான் பொறுப்பில்லை.

குட்டைக்குள்ள இருந்து எழுந்து வர்ற காட்சி கிளைமாக்ஸ். இடுப்பளவு தண்ணிதான். ஃபோம் தண்ணி குடிக்கும்னு ஏழு பேர் இருந்த குழுவுல ஒருத்தனுக்கும் தோணல, என்னையும் சேர்த்து எட்டு. உட்காரச் சொன்னாங்க, உட்கார்ந்தேன். எழுந்திருக்கச் சொன்னாங்க, முடியல. நாலு பேர் இறங்கி இழுத்ததுல நான் வந்தேன், வால் வரல.

---

அடப்பாவி, நீங்கதானா அது! காலங்காத்தால அந்தக் குட்டை வழியா வாக்கிங் போறவன் நான். கரையில ஒரு பெரிய பச்சை உருவம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கு. தலை பக்கத்துல தனியா. ஒரு பொண்ணு அட்டையால விசிறி விட்டுட்டிருக்கு. நான் நின்னேன். உருவம் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, "குட் மார்னிங் சார்"னுச்சு. பதில் சொல்லாம வந்துட்டேன், மன்னிச்சிடுங்க.

---

அந்த உடுப்பைக் காயப்போட இடம் கேட்டுப் பிள்ளைகள் என்னிடம்தான் வந்தார்கள். "ஒரே நாள் ஆன்ட்டி" என்றார்கள். உள்ளே ஈரம் போக மூன்று நாள் ஆயிற்று. எங்கள் மொட்டைமாடிக் கொடியில் தலையில்லாத ஒரு பச்சை உடம்பு இரண்டு கையையும் விரித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்டத் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரர் மேலே ஏறவே மறுத்துவிட்டார். அதைக்கூட மன்னிப்பேன். ரத்தத்துக்காகச் சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்து என் வராந்தாவில் ஊற்றினார்கள். துடைத்துவிட்டுத்தான் போனார்கள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் எறும்பு ஒரு வாரம் வந்தது.

---

படம் திரையிட்டப்ப கடைசி வரிசையில இருந்தேன். சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். ஆனா ஒண்ணு சொல்லணும், ஜந்து வராத முதல் இருபது நிமிஷம் நிஜமாவே பயமா இருந்துச்சு. முக்கியமா அந்தத் துணிக்கொடி. காத்தே இல்ல. கொடி மெல்ல இறுகுது. ஒரு கிளிப் தெறிக்குது. அடுத்து இன்னொண்ணு. ஒரு வேட்டி மட்டும் மதில் பக்கமா நழுவிப் போகுது. பக்கத்து சீட்டுல இருந்தவர் காலை மேல தூக்கி வச்சுக்கிட்டார். ஜாஸ்ங்கிற சுறா படம் எடுத்தப்ப இயந்திரச் சுறா கடல் தண்ணியில ஓயாம பழுதாச்சு, அதனாலயே சுறாவைக் காட்டாம காட்ட வேண்டியதாப் போச்சு. இவங்க உடுப்பும் முதல் நாளே குட்டையில விழுந்திருக்கணும்.

இன்னொண்ணு, அந்த நாலு பேர் ஓடி வந்து திரும்பிப் பார்க்கிற ஷாட். ஒருத்தி வானத்தைப் பார்க்கிறா, ஒருத்தன் ஜன்னல் உயரத்துக்குப் பார்க்கிறான், ஒருத்தன் தன் முட்டியைப் பார்க்கிறான். மொத்தம் எத்தனை ஜந்து?

---

எடுத்தவங்கள்ல நான் ஒருத்தன், சவுண்ட் பார்த்தவன். முதல்ல பார்வைக் குளறுபடி. நீளக் கம்பு நுனியில சிவப்புத் துணி கட்டி, எல்லாரும் அதைத்தான் பார்க்கணும்னு ஏற்பாடு. கம்பு பிடிக்கிறவன் அன்னைக்கு நடிக்க வந்துட்டான். "அந்த மரத்து உச்சியைப் பாருங்க"ன்னு டைரக்டர் சொன்னான். எந்த மரம்னு சொல்லல. முட்டியைப் பார்த்தவன் முள்ளு குத்திப் பார்த்தான்.

உறுமலுக்கு நிறைய அலைஞ்சோம். காட்ஜில்லா சத்தத்தை டபுள் பேஸ்ங்கிற ஆளுயர வயலின் மாதிரி வாத்தியத்தோட கம்பியைத் தளர்த்தி, பிசின் தடவின தோல் கையுறையால தேய்ச்சு எடுத்தாங்க. நாங்க கிட்டாருல முயற்சி பண்ணினோம். பூனை வந்துச்சு. கடைசியில ஹாஸ்டல் இரும்பு கேட்டை இழுக்கிற சத்தமும் எங்க தாத்தா குறட்டையும். ரெண்டையும் பாதி வேகத்துல ஓட்டினா சுருதி ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, இறங்கிடும். படம் பார்த்துட்டு எங்க பாட்டி மட்டும் கண்டுபிடிச்சிட்டாங்க, "இது அவர்தான்டா"ன்னு.

துணிக்கொடியை இழுத்தது மீன்பிடி நரம்பு, மதிலுக்குப் பின்னால நான் உட்கார்ந்து இழுத்தேன். அந்த வேட்டி ஆன்ட்டி வீட்டு அங்கிளோடது. திருப்பிக் கொடுத்துட்டோம்னு நினைக்கிறேன்.

---

கொடுக்கவில்லை.

---

மறுபடி நான். வாலைப் பத்திக் கேட்கிறவங்களுக்கு, தண்ணி வத்தினப்ப எடுத்துட்டாங்க, அதுல ஒரு தவளை இருந்துச்சு. தலை என்கிட்ட இருக்கு, பரண் மேல. பாசமெல்லாம் இல்ல. ஹெல்மெட்டை வெளிய எடுக்கலாம்னு வாங்கிட்டு வந்தேன், அசையல. அந்தப் பசை அவ்வளவு நல்லா ஒட்டியிருக்கு. செதில் மட்டும் ஏன் ஒவ்வொரு ஷாட்லயும் உதிர்ந்துச்சுன்னுதான் புரியல.