வாயை இறுக மூடிக்கொள்ளும் குழந்தை: அடமா, உடற்கோளாறா?

கேள்வி (20 மாதக் குழந்தையின் தாய்):

அனைவருக்கும் வணக்கம். முதல் பிறந்தநாள் வரை கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்ட என் மகள், சில மாதங்களாகக் கரண்டியைக் கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நன்றாக மசித்துக் கொடுத்தால் நாலைந்து வாய் இறங்குகிறது. சிறு கட்டி ஒன்று நாக்கில் தட்டுப்பட்டாலும் குமட்டித் துப்பிவிடுகிறாள். கைப்பேசியில் படம் ஓடினால்தான் வாய் திறக்கிறது, அப்படியும் ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. சாப்பிடாததை ஈடுகட்ட, நாளொன்றுக்கு நான்கு முறை 200 மில்லி பால் புட்டியில் கொடுக்கிறேன். ஒரு வயதில் 9 கிலோ இருந்தவள் இப்போது 10.4 கிலோ இருக்கிறாள். வீட்டுப் பெரியவர்கள், பிடித்துவைத்தாவது ஊட்டிவிடு என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இது வெறும் அடமா, வேறு கோளாறா என்று எப்படி அறிவது?

பதில் 1 (இரு குழந்தைகளின் தந்தை):

சகோதரி, உங்கள் மனம் ஒப்பாதது சரியே. தயவுசெய்து பிடித்துவைத்து ஊட்ட வேண்டாம். பிறந்தபோது இருந்த எடை முதல் ஆண்டில் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது, ஆனால் இரண்டாம் ஆண்டு முழுவதிலும் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும் என்பதால், வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிவது இயல்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் உங்கள் மகளின் எடை நடுக்கோட்டை ஒட்டியே செல்கிறது.

என் கண்ணில் முதலில் பட்டது அந்த 800 மில்லி பால். ஒரு வயதுக்கு மேல் 400 முதல் 500 மில்லி போதுமானது. அதற்கு மேல் போனால் வயிறு பாலிலேயே நிறைந்துவிடும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் இரத்தசோகை வரக்கூடும், இரத்தசோகை வந்தால் பசி மேலும் மந்தப்படும். ஆகவே பாலைச் சிறுகச் சிறுகக் குறைத்து, உணவுக்குப் பிறகு கோப்பையில் கொடுங்கள். இரத்தத்தில் இரும்புச்சத்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் முன்வைத்த பொறுப்புப் பிரிவினையை நான் உறுதியாக நம்புகிறேன்: எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும், உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும். ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்ற கெஞ்சலும் வற்புறுத்தல்தான்.

பதில் 2 (குழந்தைகளுக்கு விழுங்குதல் பயிற்சி அளிப்பவர்):

எடையைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உண்ண மறுக்கும் குழந்தையும் உண்ண இயலாத குழந்தையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பார்கள் என்பதால், கட்டி பட்டதும் குமட்டுவதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

குமட்டல் ஒரு பாதுகாப்பு அனிச்சைச் செயல். முகம் சிவக்கும், நாக்கு வெளியே தள்ளும், சத்தம் வரும், பிறகு அடங்கிவிடும். மூச்சடைப்பில் இருமவோ அழவோ முடியாமல் குழந்தை ஓசையின்றித் திணறும். அதற்கு உடனடி முதலுதவி தேவை. நீங்கள் விவரிப்பது குமட்டலாகவே தெரிகிறது. ஒன்பது, பத்து மாதத்திற்குள் கட்டியான உணவு பழகாத குழந்தைகளிடம் இதை அதிகம் காண்கிறோம்.

நீர்த்த உணவில் கட்டிகள் மிதப்பதுதான் குழந்தைக்கு மிகக் கடினம், ஏனெனில் நீர் தொண்டைக்குள் வழுக்கிச் செல்லும்போதே கட்டியைப் பிரித்து மென்றாக வேண்டும். எனவே மசியலில் கட்டிகளைக் கலக்காமல், மசியலையே சீராகக் கெட்டியாக்குங்கள். தனியாக, வாயில் தானே கரையும் மெல்லிய பிஸ்கட்டையோ விரலால் நசுக்கினால் நசுங்குமளவு வேகவைத்த கேரட் துண்டையோ அவள் கையில் கொடுத்து, நிமிர்ந்து அமர்ந்த நிலையில், நீங்கள் அருகிலிருக்கக் கடிக்க விடுங்கள். துண்டு நடுநாக்கில் விழாமல் கடைவாய் ஈறின் பக்கம் பட்டால்தான் நாக்கு பக்கவாட்டில் நகரவும் தாடை மெல்லவும் பழகும்.

குடிக்கும்போது இருமல், உண்டபின் ஈரம் கலந்த கரகரப்பான குரல், அடிக்கடி நெஞ்சுச்சளி, விழுங்கும்போது வலி, எடைக்கோடு கீழிறங்குதல், உண்ணும் உணவுகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் சுருங்குதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இவை இல்லாவிட்டாலும், ஒவ்வொரு வேளையும் அரை மணி நேரத்தைத் தாண்டுவதால், விழுங்குதல் நிபுணரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

இடையே ஒரு கேள்வி (4 மாதக் குழந்தையின் தாய்):

என் மகன் புட்டியை வாயில் வைத்ததுமே முதுகை வில்லாக வளைத்து அழுகிறான். இதுவும் இப்படிப்பட்டதுதானா?

பதில் 2-ஐ எழுதியவர்:

இல்லை, இந்த வயதில் அடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காம்பிலிருந்து பால் மிக வேகமாக வருவது, இரைப்பையிலிருந்து பால் மேலேறுவது, பால் புரத ஒவ்வாமை எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். சற்று நிமிர்த்திப் பிடித்து, புட்டியைக் கிடையாக வைத்து, இடையிடையே நிறுத்திக் கொடுங்கள். தலையைத் திருப்பினால் அதோடு விட்டுவிடுங்கள். இதே வாரத்தில் மருத்துவரிடம் காட்டுங்கள். பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைதல், வழக்கத்திற்கு மாறான சோர்வு ஆகியவை இருந்தால் அன்றே செல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. இருமலோ குரல் மாற்றமோ இல்லை. பாலை இன்றே குறைக்கத் தொடங்குகிறேன். கைப்பேசியை ஒரேயடியாக நிறுத்துவதா?

பதில் 3 (மழலையர் காப்பக ஆசிரியை):

பகலில் ஒரு வேளையை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த வேளையில் முதலில் நிறுத்துங்கள். நீங்களும் அவளோடு அமர்ந்து அதே உணவை உண்ணுங்கள். அவளுக்குப் பழகிய உணவு ஒன்று தட்டில் கட்டாயம் இருக்கட்டும், புதியது ஒரு சிட்டிகை அளவு ஓரத்தில் இருக்கட்டும். ஒரு புதிய உணவை 8 முதல் 15 முறை கண்ட பிறகே பல குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். தொடுவதும் முகர்வதும் நக்கிவிட்டுத் துப்புவதும் அந்தக் கணக்கில் சேரும். 20 நிமிடம் ஆனதும் முகம் சுளிக்காமல் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை இடையில் தண்ணீர் மட்டும் கொடுங்கள். முதல் சில நாட்கள் அவள் குறைவாகவே உண்பாள் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.