இன்சுலின் ‘எதிர்ப்பு’: நோயாளி இதை எப்படிப் படிப்பார்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உடற்பருமனோடு உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கான 16 பக்கம். இரண்டு சொற்களில் நிற்கிறேன். முதலாவது ‘இன்சுலின் எதிர்ப்பு’ (insulin resistance), அதாவது இன்சுலின் இருந்தும் உடல் அதன் சொல்லைச் சரியாகக் கேட்காத நிலை. குழுவில் நீங்கள் எழுதியவற்றுக்குக் கீழே என் பதில்.

> ‘இன்சுலின் எதிர்ப்பு’ ஏற்கெனவே புழங்குகிறது. கலைக்க வேண்டாம்.

புழங்குகிறது, சரி. ஆனால் மெய்ப்புப் படியைப் படித்த ஒரு பெரியவர், “எதிர்ப்புச் சக்தி இருந்தால் நல்லதுதானே?” என்று கேட்டார். அவர்மேல் தவறில்லை. நோய் எதிர்ப்பு என்று சொல்லிச் சொல்லி, எதிர்ப்பு என்றாலே உடலுக்குக் காவல் என்று பதியவைத்தது நாம்தான்.

> இணங்காமை எனலாம். ‘இணக்கம் அறிந்து இணங்கு’ என்கிறதே ஆத்திசூடி.

நல்ல சொல் ஐயா. ஆனால் உடல் முழுக்க இணங்காமல் போவதில்லையே. இரத்தக் குழாயின் உட்படலத்தில் இன்சுலினுக்கு இரண்டு வேலை. நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கவைத்துக் குழாயைத் தளர்த்தும். எண்டோதீலினைச் சுரக்கவைத்து இறுக்கும். இன்சுலின் எதிர்ப்பில் தளர்த்தும் வழிதான் மங்குகிறது. இறுக்கும் வழி அப்படியே இருக்கிறது. சிறுநீரகமும் இன்சுலின் சொல்கேட்டு உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டே இருக்கிறது. அழுத்தம் ஏற இந்த ஓரவஞ்சனையும் ஒரு காரணம்.

அதனால்தான் ‘இன்சுலின் ஏற்பு மந்தம்’ என்கிறேன். பசி மந்தம் அறிந்த யாருக்கும் புரியும். வெறும் ‘இன்சுலின் மந்தம்’ என்றால் ஆறாம் வேற்றுமைத் தொகையாகி, இன்சுலினே சோம்பிக் கிடப்பதாகப் படும். உண்மையில் இரத்தத்தில் அது கூடுதலாகவே ஓடும். மந்தம் வடசொல் என்பீர்கள். ஆமாம். இன்சுலினும் இலத்தீனிலிருந்து வந்ததுதான். கணையத் திட்டுகளை வைத்து, தீவைக் குறிக்கும் ‘இன்சுலா’விலிருந்து பிறந்த பெயர். அதைத் ‘தீவினி’ ஆக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள், தீவினை என்றே படிப்பார்கள்.

அப்புறம் இரண்டாவது சொல், ‘குழாய் மறுசீரமைப்பு’ (vascular remodelling): இரத்தக் குழாயின் சுவர் மாறிப்போவது. இதிலும் அதே வம்பு. சீர் என்றால் நன்மை. நடப்பதோ, சிறு தமனிகளின் சுவர் தடித்து உள்துளை குறுகுவது. சொற்கள் புணரும்போது எழுத்துகள் மாறும் வகைகளாக நன்னூல் சொல்லும் தோன்றல், திரிதல், கெடுதல் நினைவுக்கு வருகிறது. உயர் அழுத்தத்தில் பெரும்பாலும் சுவரில் புதிதாக எதுவும் சேராமல், இருப்பதே உள்நோக்கி நெருங்கி அமைகிறது, இது திரிதல். நீரிழிவும் சேரும்போது சுவரே வளரலாம், அது தோன்றல். ‘சுவர்த் திரிபு’ என்று எழுதியிருக்கிறேன். ‘உருமாற்றம்’ போதும் என்கிறவர்கள் இன்றைக்குள் சொல்லுங்கள்.

தனிமடல்களையும் சேர்த்தால் எதிர்ப்புக்கு ஆறு பேர், இணங்காமைக்கு இருவர், மந்தத்துக்கு நான் ஒருவன். சரி, தலைப்பில் ‘எதிர்ப்பு’ என்றே போடுகிறேன். ஆனால் அதன் கீழே ‘இது உடலைக் காக்கும் எதிர்ப்பு அல்ல’ என்று ஒரு வரி இருக்கும். அதை யாரும் வெட்டிவிடாதீர்கள்.