காணொளியை முழுமையாகப் பார்த்தவர்கள் கணக்கில் திணறுவது ஏன்?

கேள்வி:
கணிதம் கற்பிக்கிறேன். ஓராண்டாகப் பாடங்களைக் காணொளிகளாகப் பதிவுசெய்து முன்கூட்டியே அனுப்பிவிட்டு, வகுப்பு நேரத்தைக் கணக்குப் போடுவதற்கென்றே ஒதுக்கி வருகிறேன். மாணவர்கள் இறுதிவரை பார்த்திருப்பதைத் தளத்தின் பதிவேடு காட்டுகிறது. கேட்டால் புரிந்தது என்றே சொல்கிறார்கள். ஆனால் பலகையில் புதிய கணக்கொன்றை எழுதியதும் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். குறை காணொளியிலா, முறையிலா?

பதில் 1:
அவர்கள் பொய் சொல்லவில்லை. பார்க்கும்போது உண்மையிலேயே புரிந்திருக்கும். ஒவ்வொரு படியையும் நீங்களே போட்டுக் காட்டிவிடுவதால், அடுத்தது என்ன என்று தாமாக யோசிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு எழுவதே இல்லை. ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். காணொளியை மீண்டும் ஓடவிட்டுப் பார்ப்பது முதல் வகையைச் சேர்ந்தது. எனவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு வினாக் கேட்டு, விடையை எழுதிய பிறகே மேலே செல்லும்படி அமைத்துப் பாருங்கள்.

பதில் 2:
ஏற்கிறேன், ஆயினும் அந்த வினாக்கள் எத்தகையவை என்பதைப் பொறுத்தே பயன் இருக்கும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, தவறினால் மறுபடியும் அழுத்தலாம் என்று விட்டுவிட்டால், எதுவும் தெரியாதவரும் நான்காம் முறை வென்றுவிடுவார். நான் தாளில் போட்டுப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். திருத்தும் வேலை கூடிவிட்டது (தொழில்நுட்பம் அதைக் குறைக்கும் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது). ஆனால் எந்த வரியில் கழித்தல் குறி தவறியது, எங்கே அடித்தெழுதினார் என்பதெல்லாம் அதில்தான் தெரிகிறது.

பதில் 3:
இடைவினாக்களே எல்லாம் செய்துவிடா. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2011இல் இணையவழியே அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் காணொளிக்கு நடுவே வினாக்களும், கெடுவுடன் கூடிய வீட்டுப்பாடமும் இருந்தன; சேர்ந்த ஏறத்தாழ 1,60,000 பேரில் முடித்தவர்கள் 23,000 பேர் அளவில்தான். மறுநாள் நேரில் கேட்க ஓர் ஆசிரியர் இருப்பது உங்கள் மாணவர்களுக்கு வாய்த்திருக்கிறது. வகுப்பின் முதல் 10 நிமிடத்தில், காணொளியில் வந்த ஒரு கணக்கை எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இறுதிவரை பார்த்ததற்கே இதுவரை மதிப்பெண் கொடுத்து வந்தேன், அதை நிறுத்திவிடுகிறேன். ஆனால் 40 பேரின் தாள்களை ஒரே இரவில் எப்படிப் பார்க்கிறீர்கள்?

பதில் 2:
எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. நாளுக்கு 8 தாள்களை மட்டும் எடுத்து ஊன்றிப் பார்க்கிறேன். யாருடையவை என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை.