மறு: அவுட்கிராசிங் – 'வெளிக்கலப்பு' சரிப்படாது

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

நாய், கால்நடை வளர்ப்பில் வரும் அவுட்கிராசிங் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'வெளிக்கலப்பு' போதுமே, ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறதே என்று இந்த இழையில் மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன மாதம் ராஜபாளையம் நாய் வளர்க்கும் நண்பருக்காக நாலு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். "உங்கள் பெட்டைக்கு வெளிக்கலப்பு செய்வது நல்லது" என்ற வரியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் ஒரே குறிப்பு: "என் நாய் கலப்பு இல்லை."

அவர் கோபம் நியாயம்தான். நம் காதில் கலப்பு என்றால் ஜெர்சி கலப்பு மாடு. கையேடு சொன்னதோ, அதே ராஜபாளையத்தில் நாலைந்து தலைமுறைக்குப் பொது மூதாதை இல்லாத ஆண் நாயோடு சேர்ப்பதை. கால்நடைப் பாடங்களில் அவுட்கிராசிங் இதுதான். நாய் வளர்ப்போர் பேச்சில் அதே சொல் வேறு இன நாயைக் கொண்டுவருவதற்கும் ஆகும். ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பத்தையும் சேர்த்து நாம் தமிழாக்க வேண்டுமா?

இரண்டும் எவ்வளவு வேறு என்பதற்கு டால்மேஷனைப் பாருங்கள். மற்ற நாய்களில் யூரிக் அமிலம் பெரும்பாலும் எளிதில் கரையும் அலன்டாயின் என்ற பொருளாக மாறிச் சிறுநீரில் போய்விடும். டால்மேஷனில் யூரிக் அமிலமாகவே மிகுந்து வெளியேறும், சிறுநீர்ப்பையில் கல்லாகும். ஆண் நாய்க்குச் சிறுநீர்க் குழாய் குறுகல், அடைத்துக்கொள்ளும். காரணமான பிறழ்வு எஸ்எல்சி2ஏ9 மரபணுவில் இருப்பது 2008இல் தெரிந்தது. வம்பு என்னவென்றால், அந்த இனம் முழுவதிலும் அந்த மரபணுவின் இரண்டு படிகளுமே (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று) பிறழ்ந்தவையாக இருந்தன. இனத்துக்குள் எவ்வளவு தூரத்து நாயைத் தேடிப் போனாலும் நல்ல படி கிடைத்திருக்காது.

அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் 1973இல் டால்மேஷனை ஒரே ஒரு முறை பாயிண்டர் என்ற வேறு இன நாயோடு சேர்த்தார். பிறகு தலைமுறைதோறும் டால்மேஷனோடேதான் பிற்கலப்பு, அதாவது பிறந்த குட்டியை மறுபடி மூல இனத்தோடே சேர்ப்பது. சிறுநீரைச் சோதித்து, தேறிய குட்டியை மட்டும் அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்வது. பாயிண்டரின் பங்கு ஒவ்வொரு முறையும் சராசரியாகப் பாதியாகும். பத்தாம் தலைமுறையில் 1024இல் ஒன்று. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1981இல் இந்த வழியில் வந்த இரண்டு நாய்களைப் பதிந்தது, எதிர்ப்பு கிளம்பவே நிறுத்திவிட்டது. மறுபடி கதவு திறந்தது 2011இல். கல் அடைக்காத நாய்க்கு முப்பது வருடக் காத்திருப்பு!

இங்கே 'புறமணம்' என்று ஒருவர் முன்மொழிந்தார். அழகான சொல், ஆனால் இடிக்கிறது. சமூகவியலில் அகமணம் என்றால் சொந்தச் சமூகத்துக்குள் மணப்பது. மாமன் மகளையே கட்ட வேண்டும் என்பதில்லை. அந்தக் கணக்கில் ராஜபாளையத்துக்கு ராஜபாளையம் தேடுவது, எவ்வளவு தூரத்து உறவானாலும், அகமணமே. அப்புறம், நாய்க்கு மணம் என்றால் யாராவது பத்திரிகை அடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

ஆடு வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கு உண்டு. பட்டியில் பிறந்த பெட்டைக்குட்டி பருவத்துக்கு வருமுன் "கிடாய் மாத்தியாச்சா?" என்று கேட்பார்கள். அப்பன் கிடாயே மகளோடு சேரக்கூடாது; பக்கத்து ஊர்க் கிடாய் வர வேண்டும். ஆடு அதே வெள்ளாடு, மாறுவது கிளை, அதாவது வம்ச வழி மட்டும். நமக்கு வேண்டிய பொருள் அப்படியே அந்த 'மாத்து'க்குள் இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: இனத்துக்குள் நடப்பது 'கிளைமாற்றுச் சேர்க்கை'. வேறு இனத்தைக் கொண்டுவருவது 'பிறவினக் கலப்பு'. முன்னதில் கலப்பு என்ற சொல்லே வரக்கூடாது. 'இனம்' சிலருக்கு ஸ்பீஷிஸையும் குறிக்கும் என்ற சிக்கல் தெரியும்; கழுதை–குதிரை விவகாரம் வரும் இடத்தில் 'வளர்ப்பினம்' என்று விரித்துக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு சொற்கள். ஜெனடிக் டைவர்சிட்டிக்கு 'மரபுப் பன்மை' வேண்டாம், பண்பாட்டுக் கருத்தரங்கு போல ஒலிக்கிறது. 'மரபணுப் பன்மை' போதும். ஒரு விலங்கின் மூதாதையர் வரிசையான பெடிகிரிக்குக் 'கொடிவழி'யில் யாருக்கும் சண்டை இல்லை என்று நினைக்கிறேன்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நண்பரிடம் 'கிளைமாற்றுச் சேர்க்கை'யைச் சொல்லிப் பார்த்தேன். வட்டம் போடவில்லை, "நீளமா இருக்கே" என்றார். இதைவிடக் குட்டையாக யாரிடமாவது இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள்.