கலைச்சொல்: நாரி முள்ளென்பின் வெடிப்பும் நழுவலும்

அன்பின் நண்பர்களே,

ஸ்பொண்டிலோலைசிஸ், ஸ்பொண்டிலோலிஸ்தீசிஸ் என்ற இரண்டு முள்ளென்பு நோய்க்கும் தமிழில் 'முதுகெலும்பு விலகல்' என்ற ஒரே சொல் போதும் என்று நம் குழுவில் அண்ணை எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. இங்கே கொழும்பில் நாரி (கீழ்முதுகு) நோவென்று வருகிறவரிடம் 'விலகல்' என்று சொன்னால், "டிஸ்க் விலகிட்டுதோ?" என்றுதான் முதலில் கேட்பார். அந்தச் சொல்லை முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டான டிஸ்க் எப்போதோ பிடித்துக்கொண்டுவிட்டது.

ஸ்பொண்டிலோலைசிஸ் என்பது முள்ளென்பின் மேல், கீழ் மூட்டுமுனைகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய பகுதியில் விழும் வெடிப்பு. பெரும்பாலும் ஐந்தாம் நாரி முள்ளென்பில்தான் வரும். சரிவாக எடுத்த எக்ஸ்றேயில் நாயின் கழுத்துப்பட்டிபோலத் தெரியும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். 'மூட்டிடை வெடிப்பு' எனலாம். ஸ்பொண்டிலோலிஸ்தீசிஸ் என்றால் ஒரு முள்ளென்பு கீழேயுள்ளதன்மேல் முன்னுக்குச் சறுக்குவது. அதற்கு 'முன்நழுவல்'. வெடிப்பிருந்தும் நழுவாதவர்கள் பலர். முதியவர்களில் வெடிப்பே இல்லாமல், மூட்டுத் தேய்வால் நான்காம் முள்ளென்பு நழுவுவதுமுண்டு. பிறகெப்படி ஒரே சொல்?

'முன்' சேர்த்ததில் இன்னொரு வசதி: பின்னுக்குப் போனால் 'பின்நழுவல்'. நழுவலைத் தரம்பிரிக்கும் மெயர்டிங் முறையில், கீழ் முள்ளென்பின் அகலத்தில் 25 வீதம்வரை நழுவினால் முதலாம் தரம், 50 வரை இரண்டாம் தரம். 'முதலாம் தர முன்நழுவல்' என்று அறிக்கையில் எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

அப்புறம், இந்த வெடிப்பு இளம் விளையாட்டுவீரர்களில் திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் வரும்போது 'ஸ்ட்ரெஸ் பிராக்சர்' என்பார்கள்; அதற்கு 'அழுத்த முறிவு' வேண்டவே வேண்டாம். என்பு நலிந்த முதியவரின் முள்ளென்பு நசிவதைத்தான் அது நினைவூட்டும். வேகப்பந்து வீசும் பெடியனுக்கு நடப்பது வேறு. வளைந்து திரும்பி வீச வீச, வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில் சுமையேறி என்பு களைத்துப்போகிறது. ஸ்ட்ரெஸ் என்பதற்கு நமது பௌதிகப் பாடநூலிலுள்ள 'தகைப்பு' இங்கே அச்சாவாகப் பொருந்தும்: தகைப்பு முறிவு.

இடிக்கும் இடம் ஒன்றுண்டு. ஆரம்பத்தில் எக்ஸ்றே ஒன்றும் காட்டாது. எம்.ஆர்.ஐ.யில் என்பின் உள்ளிருக்கும் மச்சையில் நீர் கோத்திருப்பது மட்டும் தெரியும், வெடிப்பு இன்னும் விழுந்திருக்காது. விளையாட்டை நிறுத்தி ஓய்வு கொடுக்கவேண்டிய கட்டம் அதுதான். அதையும் 'முறிவு' என்று எழுதினால் பிழை, பெடியனின் தாய்க்கும் வீண் பயம். 'தகைப்புக் கன்றல்' என்று யோசித்தேன், ஆனால் கன்றல் என்றதும் அடிபட்டதாக நினைப்பார்கள். உங்களிடம் வேறு சொல் இருக்கிறதா?