வைரோபோரின்: ‘துளைப்பான்’ பொருந்துமா, ‘புழைப்புரதம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வைரோபோரின் (viroporin), அதாவது சவ்வில் வழி அமைக்கும் வைரஸ் புரதம், என்பதற்கு இவ்விழையில் ‘செல் துளைப்பான்’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. அது எளிய சொல்தான். ஆனால் செல்லுக்குள் நடப்பதைப் பிழையாகக் காட்டுகிறது என்பதே என் தடை. துளைப்பான் என்றதும் செல்லின் சவ்வைக் கிழித்துச் செல்லும் கருவியொன்று மனத்தில் எழுகிறது. வைரஸ் உருவாக்கும் இச்சிறு புரதங்களோ சவ்வில் பதிந்து, சில ஒன்றுகூடி வளையமாக நின்று, நடுவில் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட அணுக்கள்) செல்லும் வழியை அமைக்கின்றன. ஃபுளூ காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃபுளுயன்சா ஏ வைரஸின் எம்2 புரதத்தின் நீளம் 97 அமினோ அமிலங்களே; நான்கு சேர்ந்தால்தான் ஒரு வழி உண்டாகும். அதன் ஊடே புரோட்டான்கள் (ஹைட்ரஜன் அயனிகள்) வைரஸின் உட்புறம் புகுவதனால்தான் மரபுப்பொருள் உறைக்குள்ளிருந்து விடுபடுகிறது. இங்கே சிதைவு எதுவும் இல்லை. பெருக்கத்தின் ஒரு படி மட்டுமே உள்ளது.

சிதைவு, வழியினால் அன்றி, அதன் ஊடே பெயரும் அயனிகளின் அளவினால் வருகிறது. இயல்பான செல்லின் சைட்டோபிளாசத்தில் தனித்துலவும் கால்சியம், செல்லுக்கு வெளியே இருப்பதில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்குதான். இவ்வேறுபாட்டைக் காக்கவே செல் ஓயாது ஆற்றலைச் செலவிடுகிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டாவைரஸின் என்எஸ்பி4 புரதம், செல்லுக்குள் உள்ள சவ்வு வலையான எண்டோபிளாச வலைப்பின்னலில் சேமித்து வைக்கப்பட்ட கால்சியத்தை வெளிவிடுகிறது. அவ்வைரஸின் வெளியுறைப் புரதம் பிரியாமல் நிற்பதற்குக் கால்சியம் தேவை என்பதால், இந்த அயனி அதற்குக் கட்டுமானப் பொருளும் ஆகிறது. அதே கால்சியம் நெடுநேரம் மிகுந்து நின்றால் மைட்டோகாண்ட்ரியா செயலிழக்கிறது, கால்பைன் என்னும் நொதி தூண்டப்பட்டுச் செல்லின் சொந்தப் புரதங்களையே வெட்டுகிறது. பெருக்கமும் சிதைவும் ஒரே அயனியின் இரு விளைவுகளாக இருக்கையில், சிதைவை மட்டும் பெயரில் ஏற்றுவது சரியன்று.

ஆகவே ‘புழை’ என்ற பழஞ்சொல்லை முன்வைக்கிறேன். யானையின் துதிக்கையைப் புழைக்கை என்று நம் முன்னோர் அழைத்தது, அதன் உள்ளே வழி இருப்பதனால்தான். குத்தித் துளைத்தல் என்ற பொருள் அச்சொல்லில் தொனிப்பதில்லை. சவ்வில் வழி அமைக்கும் போரின் ‘புழைப்புரதம்’, வைரோபோரின் ‘வைரஸ் புழைப்புரதம்’, நீர் செல்ல வழிவிடும் அக்வாபோரின் ‘நீர்ப்புழைப்புரதம்’ என ஒரு குடும்பமே ஒழுங்காக அமைகிறது. எம்2 வழியை அடைத்துச் செயல்படும் அமன்டடின் போன்ற மருந்தைப் ‘புழையடைப்பி’ எனலாம். ஒரு கலைச்சொல் இவ்வாறு கிளைத்துச் செல்லுமா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். ‘வைரஸ்’ என்பதா ‘நச்சுயிரி’ என்பதா என்ற பழைய விவாதத்தை இங்கு திறக்க வேண்டாம். இரண்டுக்கும் புழைப்புரதம் பொருந்தும்.

செல்லுக்கே உரிய, தூண்டுதலுக்கேற்பத் திறந்து மூடும் வழிகளை வைரஸ் தன் பயனுக்குத் திருப்பிக்கொள்வதும் உண்டு. அவற்றை ‘அயனி வாய்க்கால்’ என்றே தொடர்ந்து எழுதி, வைரஸே அமைப்பதற்கு மட்டும் ‘வைரஸ் புழைப்புரதம்’ என்பதை வழங்கலாம். ‘புழை’ மாணவர்க்குப் பழக்கமற்ற சொல் என்ற தடை எழக்கூடும். முதல் வருகையில் ‘உள்வழி’ என்று பொருள் கூறிவிட்டால் போதும் என்று கருதுகிறேன். உயிர்வேதியியல் கற்பிப்போர் இதை வகுப்பில் சொல்லிப்பார்த்து, இடறும் இடத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.