ரெப்ளிகேஷனுக்குத் தமிழ்ச்சொல்: திங்களுக்குள் வேண்டும்

நண்பர்களே, வணக்கம்.

திங்கட்கிழமை முதுகலை உளவியல் வகுப்பில் 2015இல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வைத் தமிழில் பாடமாக நடத்தப் போகிறேன். அமெரிக்க உளவியலாளர் பிரையன் நோசெக் முன்னின்று செய்த ஆய்வு அது. 2008இல் மூன்று உளவியல் இதழ்களில் வெளியான ஆய்வுகளில் 100ஐ எடுத்து, புதிய ஆட்களை வைத்து அதே முறையில் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதலில் 97 விழுக்காட்டில் புள்ளியியல் முக்கியத்துவம் இருந்தது, அதாவது வெறும் தற்செயலால் அப்படியொரு முடிவு வர வாய்ப்பு குறைவு. திரும்பச் செய்தபோது 36 விழுக்காட்டில்தான். இந்தத் 'திரும்பச் செய்து பார்ப்பதற்கு' ஒரு சொல் வேண்டும். போன ஆண்டு 'மீளாய்வு' என்றேன். கட்டுரையைத் திரும்பப் படித்துத் திருத்துவது என்றே மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

---

'வழியாய்வு' என்று சொல்லுங்கள், அம்மா. நன்னூல் நூலை முதல், வழி, சார்பு என வகுக்கிறது. முதல்நூலுக்கு வழிநூல்போல முதலாய்வுக்கு வழியாய்வு. சோதனை என்ற வடசொல்லும் தேவைப்படாது.

---

ஐயா, வழிநூலுக்கு நன்னூல் சொல்லும் இலக்கணமே 'முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்து' என்றுதானே தொடங்குகிறது? முடிவில் ஒத்துப்போக வேண்டும் என்று முன்கூட்டியே விதித்துவிட்டால் அப்புறம் எதற்குச் செய்து பார்ப்பது? பெரும்பாலானவை ஒத்துப்போகவில்லை என்பதுதான் அந்த ஆய்வின் செய்தியே. 'மறுசோதனை' போதும். 'மறு' என்பதில் இன்னொன்று என்ற பொருளும் உண்டு, மறுத்தலும் உண்டு. இரண்டுமே இங்கே பொருந்தும்.

---

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் மறுசுழற்சி என்பதை நாங்கள் மீள்சுழற்சி என்போம். அப்படியே 'மீள்சோதனை' என்றால் என்ன? மீள்தல் என்றால் போனது திரும்பி வருவது. முதலில் கண்ட முடிவு திரும்பி வருகிறதா என்றுதானே பார்க்கிறோம்?

---

ஒரு சிக்கல். அதே ஆட்களுக்கு அதே வினாத்தாளைச் சில வாரம் கழித்துக் கொடுத்து நம்பகத்தன்மை பார்ப்போமே, அதையும் மறுசோதனை என்றுதான் வகுப்பில் சொல்கிறோம். பழைய தரவை வைத்து அதே கணக்கைத் திரும்பப் போடுவது மூன்றாவது வகை. அதற்கு 'மறுகணிப்பு' என்று தனியே வைத்துவிடலாம்.

---

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு இரவாகிவிட்டது. மறுசோதனை என்றே எழுதிவிட்டேன். வினாத்தாள் வகையோடு குழம்பாமலிருக்க 'புதிய ஆட்களுடன்' என்று முதல் வரியிலேயே சேர்த்திருக்கிறேன். மறுகணிப்பையும் எடுத்துக்கொண்டேன்.

---

சரி, வகுப்பு நடக்கட்டும். ஆனால் அந்த நூற்பாவின் அடுத்த அடியையும் படியுங்கள்: 'பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி'. வேறுபாடு சொல்லவும் வழிநூலுக்கு இடமுண்டு. நான் வழியாய்வு என்றே எழுதுவேன்.